பேச்சியம்மா சுமந்த மண்

வட்டகொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையில் இருந்த மண் அணை கடைக்கார ஸுஹைர் முதலாளிக்குச் சொந்தம். அதற்கு மண் சுமந்தது கீழ் லயத்துப் பெண்கள், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள். அவர்களைக் கூட்டிப் போனவள் பேச்சியம்மா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் அவளுடைய பெண் குழந்தை வயிற்றோட்டத்தில் செத்தது. லயமே அப்போது ஓடைத் தண்ணீரைத்தான் குடித்தது. தோட்டத்தை நடத்திய தொரையிடம் குழாய் கேட்டு அலுத்துப்போனவள், நேரே முதலாளியின் கடைக்குப் போனாள்.

"மொதலாளி, மரக்கறித் தோட்டத்துக்கு அணை கட்டப் போறீங்களாமே. கூலி வேணாம், மண்ணு நாங்க சொமக்குறோம். லயத்துக்கு ஒரு குழாய் விடுங்க."

அவர் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் மண் சுமந்தார்கள், களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார்கள். லயத்துக் கோடியில் குழாய்த் தண்ணீர் கொட்டும் பீலி வந்தது. அதன் பிறகு ஓடைப் பக்கம் குடத்தோடு யாரும் போகவில்லை.

ஐம்பத்தேழில் தோட்டத்தில் வேலைநிறுத்தம். தொரை முதலாளியைக் கூப்பிட்டுத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். மறுநாளே பீலி வறண்டது.

பேச்சியம்மா கடைக்கு ஓடினாள். முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் கடை தோட்டத்தை நம்பித்தான் இருக்கு, பேச்சியம்மா. நான் என்ன செய்ய?"

அன்று மத்தியானம் தொழிற்சங்கத் தலைவர் வீரய்யாவும் சில இளைஞர்களும் மம்பட்டியோடு அணைக்கு ஏறினார்கள். எங்களுக்கு இல்லாத தண்ணீர் முதலாளிக்கும் வேண்டாம் என்று கத்திக்கொண்டே போனார்கள். பேச்சியம்மா பின்னாலேயே ஓடிப்போய்க் கரைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்க அக்கா. ஓடைப் பக்கமாத்தான் வெட்டுறோம்."

"இந்த அடைமழையில நீ வெட்டுன எடத்தோட நிக்குமா? கரையே போயிரும் வீரய்யா. தண்ணி தொரை பங்களாவுக்கா போகும்? நம்ம லயத்து மேலதான் வரும். என்னைய வெட்டிட்டு வெட்டு."

அவர்கள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

வேலைநிறுத்தம் தோற்றது. ஆறு பேருக்குப் பெயர் வெட்டி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பீலியில் மறுபடி தண்ணீர் விட்ட அன்று, பேச்சியம்மா இல்லாவிட்டால் அணை போயிருக்கும் என்று முதலாளி கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னார். ஒரு சேலையும் சீனியும் அவள் வீட்டுக்கு அனுப்பினார். அவள் தொடாமல் திருப்பி அனுப்பினாள். பொட்டலம் வந்ததை லயமே பார்த்தது. திரும்பிப் போனதை யாரும் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் சொல்லவில்லை.

அதிலிருந்து அவள் பீலிக்கு வந்தால் பேச்சு நிற்கும். 'தொரையோட ஆளு' என்று காதுபடவே சொன்னார்கள். மகனுக்கு அங்கே யாரும் பெண் கொடுக்கவில்லை. கடைசியில் அக்கரப்பத்தனையில் சம்பந்தம் கிடைத்து, அவனோடு அங்கேயே போய்விட்டாள்.

அறுபத்துநாலில் தலவாக்கலைச் சந்தையில் வீரய்யா எதிர்ப்பட்டான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னான்:

"அன்னைக்கு நீங்க செஞ்சதுதான் சரி அக்கா. அப்பவே எனக்குத் தெரியும்."

பேச்சியம்மா அவனையே பார்த்தாள்.

"அதை லயத்துல சொல்லியிருக்கணும். சந்தையில சொல்றியே."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.