ஒரு சொட்டுகூட ஒழுகாத கூரை

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கூரையைப் பிரித்தாலும், வேலையாள் வருவதற்கு முன்னால் கிருஷ்ணப்பன் வந்து நிற்பார். கண்டெய்னர் யார்டில் அவர் சர்வேயர். கப்பலிலிருந்து திரும்பி வரும் காலிக் கண்டெய்னருக்குள் ஏறி, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லி, இருட்டில் அண்ணாந்து பார்ப்பதுதான் உத்தியோகம். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போட்டு ரிப்பேருக்கு அனுப்புவார். இருபத்தாறு வருஷமாக இதே வேலை.

மனிதர்கள் குடியிருக்கும் வீட்டையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் முதலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துவார். உள்ளே ஹோமப் புகையில் ஐயர் இருமிக்கொண்டிருப்பார். "நைனா, அந்த மூலையில லைட்டு தெரியுது. மழைக்கு முன்னாடி அடைச்சுடு" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். தண்ணீர் உள்ளே வரக் கூடாது. அதைத் தவிர ஒரு கூரைக்கு உலகத்தில் வேறு கடமை இருப்பதாக அவருக்குத் தெரியாது.

இவ்வளவு பெரிய நிபுணரின் சொந்த வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மிக்ஜாம் புயலில் அது விரிசல் விட்டது. மேலே பிளெக்ஸ் பேனர் போட்டு மூடினார். முதல் பேனர் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. அது கிழிந்ததும் பக்கத்துத் தெருப் பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா. மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தால் அந்த வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு விசேஷம்.

அந்த விசேஷத்துக்குக் கீழே அவர் மனைவி பூவம்மா காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை தையல் மிஷினில் உட்கார்ந்து, எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். "எத்தையாவது ஒண்ணப் போட்டு கூரைய மாத்துயா" என்று கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்துவிட்டது.

"அவசரப்படாதம்மே. கூரைன்னா சும்மாவா? விசாரிச்சுகினு கீறேன்" என்பார் கிருஷ்ணப்பன்.

விசாரணை இரண்டு வருஷம் நடந்தது. டோல்கேட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தவசிமுத்து அண்ணாச்சி கலர் ஷீட்டைக் காட்டினார். ஸ்க்ரூ போடுகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும் என்று இவர் தள்ளிவிட்டார். ராயபுரத்து நண்பர் அம்புரோஸ் ஓடு போடச் சொன்னார். பூனை நடந்தால் ஓடு நகரும், நகர்ந்தால் ஒழுகும். கான்கிரீட்? கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து வெடிக்கும், வெடித்தால் ஒழுகும். இப்படி எங்கள் ஊரில் கிடைக்கும் கூரைகளையெல்லாம் பெயிலாக்கினார். தெருவில் எல்லோரிடமும் யோசனை கேட்டார், என்னிடமும் கேட்டார். அந்தக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க உட்காரப் போகிறவரிடம் மட்டும் கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

கடைசியில் யார்டிலேயே விடை கிடைத்தது. உடைப்புக்குப் போகும் இருபதடிக் கண்டெய்னர் ஒன்றின் கூரைத் தகடு. "ஏழு கடல் தாண்டி வந்துகீது மாமு. அலையடிச்சே ஒழுவல. நம்மூர் மழை இன்னா பண்ணிடும்?" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை தோற்றுப்போவார்.

தகடு எட்டடி அகலம், வீடு எட்டரை அடி. வேறு யாராக இருந்தாலும் தகட்டுக்கு ஒட்டுப் போட்டிருப்பார்கள். ஏழு கடல் தாண்டியதில் ஒட்டுப் போடக் கிருஷ்ணப்பனுக்கு மனசு வரவில்லை. சுவரை இடித்து அரையடி உள்ளே தள்ளிக் கட்டினார். பூவம்மாவின் மிஷின் கட்டிலோடு ஒட்டிக்கொண்டது.

கூரை ஏறிய அன்று தெருவே திரண்டது. கிருஷ்ணப்பன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்து, "ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல" என்று அறிவித்தார். கை தட்டினோம். வெட்கமாக இருக்கிறது, நானும் தட்டினேன்.

மழைக்காலம் வந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தோம். அவர் வீட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மழை நிற்கும்வரை எல்லோர் வீட்டுக்கும் போய் நலம் விசாரித்தார்.

மார்கழியில் வேடிக்கை தொடங்கியது. விடியற்காலைக் குளிரில் தகட்டின் அடிப்பக்கம் வேர்த்து, துருநிறத்தில் சொட்டியது. தைத்து அடுக்கிய நைட்டிகளில் கறை பட்டு, கடைக்காரர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். "இது ஒழுவறது இல்ல, கண்டெய்னர் வேர்வை. சரக்கு ஏத்திகினு வர்றப்ப கூட வரும்" என்று கிருஷ்ணப்பன் விளக்கம் சொன்னார். யார்டில் சரக்கு நனையாமலிருக்கத் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் பைகளைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வரிசையாக மாட்டினார். பூவம்மா அவற்றுக்கு நடுவே குனிந்து குனிந்து சமைத்தார்.

பிறகு வெயில் வந்தது. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயில் அந்த இரும்பில் இறங்கியபோது மிஷினின் சக்கரத்தைத் தொட முடியவில்லை. பூவம்மா மிஷினைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு, நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து தைத்தார். ஒருநாள் மத்தியானம் தண்ணீர் எடுக்க உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நானும் என் மனைவியும்தான் தூக்கி வந்தோம். கண் செருகியிருந்தது. அந்த நேரத்தில் நான் நிஜமாகவே பயந்துவிட்டேன்.

மறுநாள் பூவம்மா எம்.கே.பி. நகர் குடியிருப்பில் இருக்கும் தங்கை செங்கொடி வீட்டுக்குப் போனார். மிஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். துணிமணியோடு போனால் விருந்தாளி. மிஷினோடு போனால் என்ன அர்த்தம் என்று தெருவுக்கே தெரிந்தது, ஒருவரைத் தவிர.

கிருஷ்ணப்பன் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வூட்டுக்கு வாம்மே. இம்மா மழைக்கு ஒரு சொட்டு ஒழுவிச்சா சொல்லு" என்றார்.

பூவம்மா தைப்பதை நிறுத்தவில்லை. "ஒழுவல. எனக்குத்தான் உசுரு போய் வந்துச்சு. ஆமா, பகல் ரெண்டு மணிக்கு நீ என்னிக்காச்சும் அந்த வூட்ல குந்திகினு கீறியா?"

கிருஷ்ணப்பன் யோசித்தார். வேலை நாளில் யார்டு. ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் அம்புரோஸோடு கேரம் போர்டு. பண்டிகை என்றால் தியேட்டர். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் ஒரு மத்தியானம்கூட அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"ஒரு வாரம் குந்திப் பாரு. அப்பால வந்து பேசு" என்றார் பூவம்மா.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கிருஷ்ணப்பன் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கினார். முதல் நாள் பகலில் லுங்கியை நனைத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். அரைமணி நேரத்தில் லுங்கி காய்ந்துவிட்டது. இரண்டாம் நாள் கட்டிலுக்கு அடியில் படுத்தார். மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கே எழுந்து போய் ஏ.டி.எம்.மில் ஏ.சி.க்குக் கீழே நின்றார். காவலாளி சந்தேகப்பட்டு வெளியே அனுப்பினார். நான்காம் நாள் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எப்பிடி மாமு அந்த வூட்ல இருந்துச்சு அது இத்தினி வருசம்" என்றார். வேர்வையா அழுகையா என்று நான் பார்க்கவில்லை.

அன்றைக்கே டோல்கேட் கடைக்குப் போனோம். தவசிமுத்து அண்ணாச்சி வழக்கம்போல எத்தனை அடி வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, எந்தக் கூரை போட்டா கீழ பொம்பள மத்தியானம் குந்தி வேலை செய்ய முடியும்?" என்று கிருஷ்ணப்பன் கேட்டார்.

அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார். "இருவத்திரெண்டு வருசமா கடை வச்சிருக்கேன். ஒழுகுமான்னு கேப்பாவ, எத்தனை வருசம் வரும்னு கேப்பாவ. இத இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல பாத்துக்கிடுங்க."

கடைக்குள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். கிருஷ்ணப்பன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வெளியே வந்து பூவம்மாவுக்குப் போன் போட்டார்.

"வூட்டுக்கு வர வேணாம்மே. நேரா டோல்கேட் கடைக்கு வா. இன்னா வேணுமோ நீயே கேளு. நான் வெளிய நிக்கறேன்."