மூத்தவள் கரையேறிய சனிக்கிழமை

என் அக்காவுக்கு வால் முளைக்கப்போகிறது என்பதை எங்கள் வீட்டில் கண்டுபிடித்தவள் நான்தான். பெரியவர்களுக்கெல்லாம் அது முன்பே தெரியும், என்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் அப்போது மூன்றாம் வகுப்பு, அக்கா எட்டாவது. ஒத்தக்கடையில் பிளாட் போட்டு விற்ற இடத்தில் அப்பா கட்டிய புது வீட்டில் இன்னும் பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

விஷயத்தின் வேர் ஒரு கடற்கன்னித் தொடரில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். எந்த நாட்டிலோ எடுத்தது, தமிழில் பேசும். கடலோர ஊரில் அக்காள் தங்கை இரண்டு பேர். அவர்கள் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் மூத்தவள், சின்னவள் என்றே வைத்துக்கொண்டோம். மூத்தவளுக்கு ஒரு வயது வந்ததும் கடல் அவளைக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறது. தலையில் தண்ணீர் விழுந்தால் போதும், கால் இரண்டும் வாலாகிவிடும். யார் கண்ணிலும் படாமல் அவளுடைய அம்மா அவளைப் பின்னறையில் ஒளித்துவைப்பாள். செம்பட்டை முடியும் பூனைக் கண்ணுமாக இருந்துகொண்டு, அந்தப் பெண்கள் ‘ஐயையோ, மாட்டிக்கிட்டோம்டி’ என்று அச்சு அசல் மெட்ராஸ்காரிகள் மாதிரிப் பேசுவார்கள். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. மதுரையில் ஏது கடல், கடற்கன்னி என்றால் மெட்ராஸில்தானே இருப்பாள்?

என்னைவிட அக்காவுக்குத்தான் அந்தத் தொடர்மேல் கிறுக்கு. அதற்குக் காரணமும் உண்டு. திருமங்கலத்தில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்கள் இரண்டு பேரையும் பைக்கில் ஏற்றி, தன் சிநேகிதர் தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போவார். எனக்கு முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டித்தான் இறக்குவார். அக்காவுக்குக் கேன் தேவைப்பட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. மோட்டார் ரூம் மேலிருந்து தலைகீழாகக் குதிப்பாள், ஆளையே காணோம் என்று எனக்கு அழுகை வரும் நேரத்தில் மேலே வந்து கையை விரித்துக் காட்டுவாள். உள்ளங்கையில் கிணற்றின் அடிமண் இருக்கும். தோட்டத்துக்காரரே வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்.

அந்த வாரம் கடைசிப் பாகம். மூத்தவள் கடலோடு போய்விடுவாளா, தரையிலேயே தங்குவாளா? அதற்கு முந்தைய பாகத்தைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்தி எங்கள் உயிரை வாங்கியிருந்தார்கள். நாங்கள் இருவரும் வாரம் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், அக்கா அரிசி மூட்டை போடும் பின்னறையில் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா போனில் யாரிடமோ அழுதுகொண்டே சிரிக்கிறாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுகிறாள். அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அவளை யாரும் தொடக்கூடாது, அவளும் எதையும் தொடக்கூடாது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அம்மா, உனக்கு இப்போது புரியாது, போய் ஹோம்ஒர்க் எழுது என்றாள். தொடரில் மூத்தவளுடைய அம்மாவும் சின்னவளிடம் இதையேதான் சொன்னாள்.

மறுநாள் பேரையூரிலிருந்து அத்தை வந்து இறங்கி வீட்டின் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்பாவின் அக்கா அவர். சாஸ்திரம் சம்பிரதாயத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் விடமாட்டார். அக்காவுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தார். இரும்பு கிட்டே இருக்கவேண்டுமாம். உலக்கைக்கு இந்தக் காலனியில் எங்கே போவது? எங்கள் வீட்டுத் தோசைத்திருப்பியை எடுத்து அவள் பாய் ஓரத்தில் வைத்தார். அன்றைக்கு வீட்டில் தோசை இல்லை. அக்கா பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்றார் அத்தை. நான் எட்டிப் பார்த்தேன், அதே உயரத்தில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு அவள் தலையில் தண்ணீர் ஊற்றப்போவதாகவும் அவரேதான் சொன்னார். முன்பெல்லாம் இது நாள்கணக்கில் இழுக்குமாம், அக்காவுக்குப் பரீட்சை இருப்பதால் சுருக்கமாக முடிக்கிறார்களாம்.

தலையில் தண்ணீர்! அதுவும் எல்லோர் முன்னாலும்! எனக்குத் தூக்கம் போயிற்று. கதவிடுக்கு வழியாக அக்காவிடம், உனக்கு வால் வருமா என்று கேட்டேன். இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள் அப்போதுதான் சிரித்தாள்.

“வந்தாலும் வரும்டி. வந்தா கெணத்துலயே கெடக்கலாம்ல” என்றாள்.

வேறு சாட்சி வேண்டுமா? ஆக, தலையில் தண்ணீர் விழுந்தும் தரையிலேயே இருக்க வழி என்ன என்பது சனிக்கிழமை ஆறு மணிக்குத் தெரிந்துவிடும். அதை அக்கா பார்த்தே ஆகவேண்டும். பார்க்காவிட்டால் எனக்கு அக்கா இல்லை. ஆனால் டிவி ஹாலில் இருந்தது. ஆம்பளையாட்கள் வந்துபோகும் இடம், அக்காவின் நிழல்கூட அங்கே படக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அம்மாவிடம் கெஞ்சினேன். வீட்டில் விசேஷத்தை வைத்துக்கொண்டு டிவி ஒன்றுதான் குறைச்சலா என்று விழுந்தது ஒரு திட்டு.

சனிக்கிழமை மத்தியானம் மாமா ஒரு லோடு ஆட்டோ நிறையப் பச்சைத் தென்னை ஓலையோடு வந்தார். அக்கா தங்குவதற்குக் குச்சு, அதாவது ஓலைக் குடிசை, கட்டவேண்டும். அது தாய்மாமன் வேலை. நான் அவர் கையைப் பிடித்து வாசல் கேட்டுப் பக்கம் இழுத்துப்போய், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசிப் பாகம், வால், நாளைக்குத் தண்ணீர், எல்லாம். மாமா எப்போதும் எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவர். அன்றைக்குப் பேசவில்லை. டிவி எங்கே இருக்கிறது என்று ஹால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

கார் இல்லாத எங்கள் கார் போர்டிகோவில், ஹால் ஜன்னலுக்கு நேர் எதிரே கம்பு நட்டு, ஓலை வைத்துக் கட்டினார். வாசல் ஜன்னலைப் பார்த்து இருந்தது. அத்தை வந்தார், பார்த்தார், இடுப்பில் கை வைத்தார். வாசல் கிழக்கே பார்த்தல்லவா இருக்கவேண்டும், இது என்ன கூத்து என்று கேட்டார்.

“குச்சு கட்டுறது தாய்மாமன் உரிமை மதினி. வாசல எங்கிட்டு வைக்கணும்னு நாந்தேன் சொல்லணும்” என்றார் மாமா, ஓலை முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முறை என்று வந்துவிட்டால் அத்தைக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தன் அக்கா ஒரு பேச்சில் விட்டுக்கொடுத்ததை அப்பா வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பார்த்திருக்கவேண்டும். போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

ஆறு மணிக்கு நானும் மாமாவும் டிவியை ஜன்னல் பக்கம் திருப்பினோம். முன்னதாகவே வந்திருந்த சொந்தக்காரர்களை மாமா காப்பி கொடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்கு ஓட்டிவிட்டார். நான் ஜன்னலுக்கும் குச்சுக்கும் நடுவில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அக்கா ஓலைக்கு உள்ளே. ஆரம்பப் பாட்டு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பாடினோம்.

எப்பேர்ப்பட்ட பாகம் அது! வானம் கறுக்கிறது, கடல் பொங்கி ஊர்த் தெருவுக்குள் வருகிறது, மூத்தவள் தன்னையறியாமல் தண்ணீரைப் பார்த்து நடக்கிறாள். அப்போதுதான் அந்த ரகசியம் வெளியே வந்தது. ஒரே ஒரு வழிதான். தரையில் இருக்கிற ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அலை இறங்கும்வரை விடாமல் இருக்கவேண்டும். சின்னவள் ஓடினாள். நான் எழுந்து நின்று ‘ஓடுடி, ஓடுடி’ என்று கத்தினேன். மொட்டைமாடியிலிருந்து யாரோ என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்கள். சின்னவள் கையைப் பிடித்த அதே நொடியில் நானும் ஓலையை விலக்கிக் கையை உள்ளே விட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தொட்டுத் தொலைத்தாயா, போய்க் குளி என்று வீட்டுக்குள்ளிருந்து அத்தையின் சத்தம் வந்தது. நான் விடவில்லை. அலை மூத்தவளின் தலைக்குமேல் போயிற்று. அப்புறம் மெதுவாக இறங்கிற்று.

இரண்டு கால்! மணலில் இரண்டு வெள்ளைக் கால்! ஊரே கை தட்டியது, நானும் தட்டியிருப்பேன், ஒரு கை ஓலைக்குள் இருந்தது. கடைசியில் மூத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு தடவை கடலைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், தொடர் முடிந்துவிட்டது.

ஓலைக்குள் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள்.

“இனிமே அவ கடலுக்குப் போகவே மாட்டாளா?” என்று கேட்டாள்.

“போகவே மாட்டா. தங்கச்சி கூடவே இருப்பா” என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுக்கும் அப்படித்தான், அதனால்தான் அழுகிறாள் என்று முடிவுகட்டினேன்.

ஞாயிறு காலையில் அக்காவை மணையில் உட்காரவைத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அத்தை மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கவும், நான் கூட்டத்தில் புகுந்து ஓடி அக்காவின் கையைப் பிடித்தேன். அம்மா இழுத்தாள். நான் மணைக்காலைக் காலால் பின்னிக்கொண்டேன். “அவள விடுங்க, பிடிச்சிட்டுப் போறா” என்றார் மாமா. செம்பு செம்பாகத் தண்ணீர் விழுந்தது, எனக்கும் சேர்த்து. மூக்கில் ஏறியது, கண் எரிந்தது, நான் கண்ணை மூடவே இல்லை. தண்ணீர் வடிந்ததும் குனிந்து பார்த்தேன். கொலுசு போட்ட கால் இரண்டும் அப்படியே இருந்தன. ஜெயித்துவிட்டேன்! நான் போட்ட கூச்சலில் கூட்டமே சிரித்தது. அந்தப் போட்டோ இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு அக்காவின் காலைப் பார்க்கிறேன். அக்கா யாரையும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா பைக்கில் வந்து ஹாரன் அடித்தார். நான் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறினேன். அக்கா கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். கிணறு கிணறென்று இனிமேல் வராதே, அவள் இனிமேல் வரமாட்டாள் என்று அம்மா அடுப்படியிலிருந்தே மாமாவிடம் சொன்னாள். படிக்கவேண்டியிருக்கிறது என்று அக்கா என்னிடம் சொன்னாள். சரி, படித்து முடித்துவிட்டு வருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்கரச் சாலையைத் தாண்டியதும் மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, “அக்காவ நாந்தேன் மாமா கரையிலயே நிறுத்துனேன்” என்று காற்றில் கத்திச் சொன்னேன்.

அன்றைக்கும் என் முதுகில் கேனைக் கட்டி இறக்கிவிட்டார். அவர் தண்ணீருக்குள் இறங்கவில்லை, மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் கையைக் காலை ஆட்டி மிதந்துகொண்டு, இன்னும் எவ்வளவு நேரம்தான் படிப்பாள் இந்த அக்கா என்று, கிணற்றுப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.