எனக்குத் தெரியக்கூடாத சாவி

சிட்னியின் மேற்கே, டூங்கபியில், என்னுடைய சொந்த வீட்டுக்குள் எனக்குத் தெரியக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு சாவி இருக்கிறது. ஸ்டோர் அறைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியின் சாவி அது. பெட்டிக்குள் என் கணவரின் துவக்கு, ஒரு ரைபிள். உரிமம் அவருக்குத்தான் உண்டு, எனக்கு இல்லை. ஆகவே அந்தச் சாவி எங்கே என்று நான் அறியக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். ஊரில் உள்ளவர்களுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? கலியாணம் முடிந்த மறுவாரமே மாமி தன் சாவிக்கொத்தை என் கையில் தந்துவிட்டார். அன்றிலிருந்து, கொழும்பில் லொட்ஜ் அறையிலும் சரி, ஹோம்புஷில் முதல் எடுத்த பிளாட்டிலும் சரி, கொத்து என்னிடம்தான். தன் கார்ச் சாவியைக்கூட இவர் என்னைத்தான் கேட்பார். மெல்பேர்னில் வேலை செய்யும் மகளிடம் போனில் குமுறினேன். “அம்மா, இட்ஸ் த லோ. டோன்ற் ரேக் இற் பேர்சனலி” என்றாள். வீட்டுச் சாவியைப் பேர்சனலாக எடுக்காமல் வேறு எப்படி எடுப்பதாம்?

இவர் பிளாக்டவுனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர், தங்கள் சுடும் கழகத்துக்கு ஒரு நாள் வந்து பார் என்று கூப்பிட, மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் போனார். முகம் வெளிறித்தான் வருவார் என்று நான் இஞ்சித் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தேன். ஏனென்றால் இவர் புதுவருச வாணவேடிக்கை நேரத்தில் வக்கூம் கிளீனரைப் போட்டு, தூசியே இல்லாத வீட்டில் அதை இழுத்துக்கொண்டு திரிகிற மனிதர். வெடிச் சத்தம் காதில் விழக்கூடாது. அப்படிப்பட்டவர் கோயிலுக்குப் போய் வந்தவர் மாதிரி முகம் தெளிந்து வந்து, “சோறு இருக்கோ?” என்று கேட்டார்.

“அங்க சத்தம் இல்லையோ?”

“சத்தம் இருக்கு. ஆனா அது எப்ப வருமெண்டு எனக்குத் தெரியும்.”

அதன்பிறகு உரிமம், பயிற்சி, பெட்டி, கடைசியில் துவக்கும் வந்தது. ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ள வேண்டிய சின்னத் துவக்கு. தானாகவே அடுத்த சன்னத்தை ஏற்றிக்கொள்ளும் செமி ஒட்டோமற்றிக் வகையெல்லாம் இங்கே எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். அதை மேசையில் கிடத்தி, மெல்லிய துணி எடுத்து, எண்ணெய் தொட்டு, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் துடைக்கிறார். தான் குடித்த கோப்பையைக் கழுவியறியாத கை! இத்தனை வருசத்தில் இந்த வீட்டில் இவர் துடைத்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: சாமியறையில் தொங்கும் என் அண்ணாவின் படம். அதை நான் தொடுவதில்லை, எனக்கு ஏலாது. வெள்ளிக்கிழமைகளில் பேசாமல் போய் அவரே துடைத்துவிட்டு வருவார். அந்த ஒரு வேலையில் இப்போது துவக்கும் பங்குக்கு வந்துவிட்டது. சக்களத்தி என்றால் சேலை கட்டிக்கொண்டுதான் வரவேண்டுமா என்ன?

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமை பின்னேரம் வந்து ஒரு அட்டையை நீட்டுவார். அதில் ஐந்து துளைகள். ஐந்தும் எவ்வளவு கிட்டக்கிட்ட விழுகின்றனவோ அவ்வளவு கெட்டித்தனமாம். அதற்காகக் கன்னம் ஒவ்வொரு தடவையும் துவக்கின் மரக்கட்டையில் ஒரே இடத்தில் பதிய வேண்டும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும், விசையை இழுக்காமல் மெல்ல அமுக்க வேண்டும். எல்லாம் கிளெண்டா சொன்னது. கழகத்தில் பழக்குகிறவள் அவள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். வயதில் மூத்தவரை அவள் என்று எழுதுவது மரியாதை இல்லைத்தான். என் எரிச்சல் அப்படி. “துவக்கு பிழை விடாதாம், பிடிக்கிறவன்தான் விடுவானாம். கிளெண்டா சொன்னவ.” “இண்டைக்கு என்ர மூச்சு நல்லாயிருந்ததாம். கிளெண்டா சொன்னவ.” இருபத்தைந்து வருசம் பக்கத்தில் படுத்து இவர் குறட்டையைக் கேட்டவள் நான். மூச்சைப் பற்றிச் சொல்ல அவள் ஆர்?

கல்லானாலும் கணவன் என்பார்கள். கல்லோடு வாழ்ந்து பார்த்தவர்கள் சொன்னதாகத் தெரியவில்லை. இவர் பேசமாட்டார். ஊரில் இருந்த காலத்தைப் பற்றி ஒரு சொல் வாயிலிருந்து விழாது. இந்தியக் கடையில் குளிக்கச் சிவப்புச் சவுக்காரம் வாங்கி வந்தால் வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவார். தோலுக்கு ஒத்துக்கொள்ளாதாக்கும் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். எங்களுக்கு அந்தக் காலத்தில் துவக்கு என்றால் சத்தம்தான். எது தூரம், எது கிட்ட, எது ஒன்றொன்றாக வரும், எது அடுக்கடுக்காக வரும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். குறியைப் பற்றி ஒருவரும் யோசித்ததில்லை. அண்ணா பாண் வாங்கப் போனவர். சந்தியில் விழுந்தார். ஒரே ஒரு சூடு. வயது இருபத்திரண்டு. இங்கிலீஷ் பாடத்தில் மூன்று தரம் கோட்டைவிட்டு, அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்.

கழகத்தில் குடும்ப நாள் என்றார்கள். மீன் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு நானும் வெளிக்கிட்டேன். ரோல்ஸ் சாக்கு, கிளெண்டாவைப் பார்க்கத்தான் போனேன். வெயிலில் சுருங்கிய முகம், முழங்காலில் பட்டி, தொப்பியில் எண்ணெய்க் கறை. இவரை யோகி என்று கூப்பிட்டாள். யோகராசா என்ற பெயரை நானே வாய்விட்டுச் சொன்னதில்லை, இவளுக்கு யோகி! தேநீர் நேரத்தில் எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, தன் பழைய துவக்கைப் பற்றித் தொடங்கினாள். அது செமி ஒட்டோமற்றிக். முதல் சூடு சொன்ன இடத்துக்குப் போகுமாம். பிறகு துவக்கு உதறிக்கொள்ளும், இரண்டாவது எங்கேயோ போகும். கட்டையைச் செதுக்கி அணைத்துப் பார்த்தாளாம், திருகாணிகளை ஒரே அளவாக இறுக்கினாளாம், சன்னங்களை மாற்றி மாற்றிச் சுட்டாளாம். வருசக்கணக்காகப் பாடுபட்டு அது ஒருவழியாகப் படிந்து வந்த நேரத்தில், அந்த வகையே கூடாது என்று சட்டம் மாறியது. அரசாங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காருக்குள் இருந்து அழுதாளாம்.

“உன் புருஷனிடம் இதைச் சொன்னேன்” என்றாள், இங்கிலீஷில். “அவன் சிரித்தான். நல்லகாலம், ஊரில் என்னைச் சுட்ட சிப்பாயின் துவக்கை ஒருவரும் இப்படித் திருத்தவில்லை, அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன் என்றான். முதல் குண்டு சைக்கிளுக்குப் பின்னால் கட்டியிருந்த சவுக்காரப் பெட்டிக்குள், இரண்டாவது தலைக்கு மேலால். வாய்க்காலுக்குள் சவுக்கார நுரையோடு கிடந்தானாமே, பாவம். உனக்குச் சொல்லியிருப்பான்தானே?”

என் கையில் ரோல்ஸ் தட்டு. “யெஸ், யெஸ், ஒஃப் கோர்ஸ்” என்றேன்.

அட கோதாரி! முழுப் பூசணிக்காயை என் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, அதை வெட்டி வெள்ளைக்காரிக்குப் பங்கு கொடுத்திருக்கிறார். சிவப்புச் சவுக்காரத்தை இந்த மனிதர் ஏன் வெளியே வைக்கிறார் என்று ஊர்பேர் தெரியாத ஒருத்திக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது காரில் நான் வாயே திறக்கவில்லை. கேட்டுவிட்டால், கேட்டபடியால் சொன்னார் என்றாகிவிடும். எனக்கு அவராகச் சொல்ல வேண்டும். அவள் கேட்காமலே சொன்னாரே!

இந்தக் கடுப்பு ஆறுவதற்குள்தான் பொலிஸ் வந்தது. பெட்டி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க இப்படி வருவார்கள். ஒரு இளம் பெண், கூட ஒரு பையன். பெட்டியைப் பார்த்தார்கள், போல்ட்டை ஆட்டிப் பார்த்தார்கள், எல்லாம் சரி. போகிற போக்கில் அந்தப் பெண் என்னிடம் திரும்பி, இந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று சிரித்தபடி கேட்டாள். இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் என் வீட்டு வாசலில் நின்று, என் புருசனுக்கு முன்னால், ஒரு சின்னப் பெட்டை இதையா கேட்பது? கிளெண்டாவின் முகம் கண்முன் வந்தது. “ஒஃப் கோர்ஸ். திஸ் இஸ் மை ஹவுஸ். ஐ நோ எவ்ரிதிங்” என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

அவள் சிரிப்பு நின்றது. இவர் முகம் வெளிறியது. “நோ, நோ, ஷீ டஸின்ற் நோ” என்று தொடங்கினார். அவள் கையைக் காட்டி இவரை நிறுத்திவிட்டு, “எங்கே என்று காட்டு” என்றாள் என்னிடம். அப்போதுதான் எனக்கு விளங்கியது: நான் காட்டிவிட்டால் துவக்கும் போகும், உரிமமும் போகும், அந்தத் தெளிந்த முகமும் போய்விடும். காட்டாவிட்டால் நான் பொய்க்காரி. குசினிக்குள் நடந்தேன். இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். அரிசி வாளிக்குள் கைவிட்டேன். மா டின், சீனி டின், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்பக்கம். சேலை அலுமாரியைத் திறந்தேன். சாமியறை வாசலில் போய் நின்றுவிட்டேன், அதற்குமேல் கால் போகவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. என் வீட்டில் நான் கள்ளியைப்போல் தடவிக்கொண்டு நிற்கிறேன்.

“உனக்குத் தெரியாது, இல்லையா?” என்றாள் அந்தப் பெண், இப்போது மெதுவாக.

“நோ” என்றேன்.

“பெர்பெக்ட்” என்று சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள். என் வாழ்க்கையில் ஒருவர் என்னைப் பார்த்துப் பெர்பெக்ட் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

கதவைச் சாத்திவிட்டு இவர் கேட்டார்: “உமக்கென்ன விசரே? ஏன் பொய் சொன்னனீர்?”

“கிளெண்டாவுக்குச் சவுக்காரப் பெட்டிக் கதை தெரியும். எனக்குத் தெரியாது. சாவியும் தெரியாது, கதையும் தெரியாது எண்டால் நான் இந்த வீட்டில ஆர்?”

கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார்: “உம்மட அண்ணருக்கு வந்த சூடு தவறேல்லை. எனக்கு வந்தது தவறினது. அதை உமக்கு நான் எந்த வாயால சொல்லுறது?”

நான் அழுதிருக்க வேண்டும். கட்டிப்பிடித்திருக்க வேண்டும். அந்த நிமிசத்தில் எனக்கு வந்தது பொறாமைதான். துவக்கிலும் இல்லை, கிளெண்டாவிலும் இல்லை. இவரில். எதிரே உயிரோடு இருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த என் புருசனில். அந்த உதறல், அந்தத் தவறு, அண்ணா நின்ற சந்தியில் ஏன் நடக்கவில்லை என்று நினைத்தேன். என் முகத்தில் அதை இவர் கண்டுவிட்டார். இத்தனை வருசமும் எதைக் காணப் பயந்து வாய் திறக்காமல் இருந்தாரோ, அதையே கண்டார். எழும்பிப் போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். சீனி கூடிவிட்டது. குடித்தேன்.

நீரும் உரிமம் எடும், பிறகு சாவி இருக்கும் இடம் உமக்கும் தெரியலாம் என்கிறார் இப்போது. வேண்டாம் என்றுவிட்டேன். போன சனிக்கிழமை ஒரு அட்டையோடு வந்தார். நாலு துளைகள் ஒன்றையொன்று தொட்டபடி. ஐந்தாவது கரையோடு தனியாக. “காத்து அடிச்சுப் போட்டுது” என்று குப்பை வாளியைத் திறந்தார். “எறியாதேங்கோ, தாங்கோ” என்று வாங்கினேன். சாமியறைக்குள் போனேன். முதல் தடவையாக அண்ணாவின் படத்தில் கை வைத்தேன். கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. படத்தை மெல்ல விலக்கி, அந்த அட்டையைப் பின்னால் செருகியபோது விரலில் ஏதோ சில்லென்று பட்டது. சின்னது. இரும்பு. ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தொடமாட்டேன் என்று இவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம். கையை எடுத்தேன். பார்க்கவில்லை.

“அங்க என்ன செய்யிறீர்?” என்று குசினியிலிருந்து கேட்டார்.

“ஒண்டுமில்லை, வாறன்.”

நீங்கள் இதை வாசிப்பதற்கு முன்பே அவர் சாவியின் இடத்தை மாற்றிவிடுவார், கவலைப்படாதீர்கள். கை பட்டதை அவரிடம் நான் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. படத்தை நேராக்கிவிட்டு, பொலிஸ் திரும்பி வந்தால் சொல்ல வேண்டியதை அண்ணாவின் முகத்துக்கு நேரே மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “ஐ டோன்ற் நோ.” அவர் சிரித்தபடியே இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் விளங்காது.