அரை மூச்சு முன்னால்

இருபதாம் ஆண்டு இசைப் பயணத்துக்காக அச்சிட்ட பளபளப்பான மலரில், நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், அஞ்சல்தலை அளவுப் படம் ஒன்றின் கீழே இப்படி இருக்கிறது: "பாடகியின் அன்பு அக்கா. முதல் ரசிகை. மேடை ஆசை சிறிதும் இல்லாதவர். தங்கையின் வெற்றியைப் பார்த்துப் பூரிப்பதே தன் வாழ்க்கை என்று சிரித்துக்கொண்டே சொல்வார்."

நான்கு வாக்கியங்களிலும் எழுத்துப் பிழை கிடையாது. அக்கா என்பதும் உண்மை. மற்றதற்கெல்லாம் மலர்க் குழுதான் பொறுப்பு. சிரித்துக்கொண்டே சொல்வார் என்று போட்டவர்கள், சிரிக்கிற படமாகவாவது ஒன்றைத் தேடியிருக்கலாம். படத்தில் அக்கா, சில்லறை பாக்கி வராத பேருந்துப் பயணிபோல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்திருந்தாள். வலிக்கிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்களைப் போல, ஓய்ந்த நேரத்திலெல்லாம் எடுத்துப் படித்தாள்.

தங்கையை உலகம் லல்லா என்று கூப்பிடுகிறது. அந்தப் பெயர் வந்த கதை அக்காவுக்கு மலரில் எழுதியவர்களைவிட நன்றாகத் தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் புதுக் குரல் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவருமே போனார்கள். அக்காவுக்கு இருபத்தொன்று, தங்கைக்குப் பத்தொன்பது. அக்கா ஒன்பது வருஷம் முறையாகப் பாட்டுப் படித்தவள். தங்கை ஒன்பது வாரம் படித்து, டீச்சரே கும்பிட்டு அனுப்பிவைத்தவள். அக்கா பாடினாள். இரண்டாவது வரியில் ஒரு ஸ்வரம் மயிரிழை விலகியது. அவளைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. நிறுத்தினாள். "மன்னிக்கணும் சார், முதல்லேருந்து பாடறேன்." இரண்டாம் முறை நான்காவது வரியில் நிறுத்தினாள். மூன்றாம் முறை கேட்பதற்கு முன் இசையமைப்பாளர் டீயைக் கையில் எடுத்துவிட்டார். அடுத்து தங்கை. பல்லவி முடிந்ததும் வரி மொத்தமும் மறந்துபோனது. அவள் நிறுத்தவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்து, மெட்டை விடாமல் "லல்லா லல்லா" என்று கடைசிவரை ஓட்டினாள். இசையமைப்பாளர் டீயைக் கீழே வைத்தார்.

அந்த லல்லாவே முதல் பாட்டில் அப்படியே போனது. அந்த வருஷம் சலூனிலிருந்து ஆஸ்பத்திரி லிஃப்ட் வரை அது ஒலிக்காத இடம் இல்லை. பாட்டைச் சரியாகப் பாடத் தெரிந்தவள் வீட்டுக்குப் போனாள். மறந்தவள் புகழுக்குப் போனாள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று அக்கா அன்று கேட்ட கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. சத்தமாக அவள் கேட்காததும் ஒரு காரணம்.

ஒரு பாட்டுக்கு லல்லா போதும். இரண்டு மணிநேரக் கச்சேரிக்குப் போதாது. இரண்டாம் வருஷம் ஒரு மேடையில் மூன்று பாட்டு அடுத்தடுத்து லல்லாவாகவே போகவும், நிகழ்ச்சிக்காரர்கள் பிராம்ப்டர் கொண்டுவந்தார்கள். மேடை விளிம்பில் சாய்த்து வைத்த கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் வரிகள். அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். தங்கையின் எல்லாப் பாட்டும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான். பிடிக்காத பாட்டை மறப்பது கஷ்டம். "ஒரு மாசத்துக்கு மட்டும்டி" என்று சொல்லி வந்தவளுக்கு அந்த மாசம் பத்தொன்பது வருஷம் ஓடியது.

மேடைக்கு அடியில் பிளைவுட் அடித்த ஒரு பெட்டி. ஒரு நாற்காலி, ஒரு சின்னத் திரை, ஒரு திருகு. மின்விசிறி கூடாது, அதன் சத்தம் மைக்கில் ஏறும். தலைக்கு மேல் பலகை இடுக்கில் தங்கையின் செருப்பு நடமாடும். திருகைத் திருப்பினால் வரி மேலே ஏறும். மூச்சு எடுக்கிற இடத்தில் மஞ்சள் புள்ளி. கூட்டத்தைப் பாடவிடுகிற இடத்தில் சிவப்புக் கோடு. பாடுகிறவளுக்கு அரை மூச்சு முன்னால் வரி வர வேண்டும். ஒரு மூச்சு முன்னால் வந்தால் அவசரப்பட்டுப் பாடிவிடுவாள். கால் மூச்சு என்றால் வாய் திறந்தபடி நிற்பாள். ஆகவே மேலே தங்கை மூச்சு விட்டபோதெல்லாம் கீழே அக்காவும் விட்டாள்.

அவளுடைய பொறாமை ஒழுக்கமான பொறாமை. வேலை நேரத்தில் தலைகாட்டாது. கச்சேரி முடிந்த மறுநிமிடம் ஆஜராகும். தங்கை எந்த உச்சத்தில் மூச்சு வாங்கினாள், எந்த இடத்தில் எட்டாத ஸ்வரத்தைச் சாமர்த்தியமாகக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள் என்று வரிசையாகத் தெரியும். வண்டியில் ஏறிய ஐந்தாவது நிமிடம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளே, அந்தத் தூக்கத்தின் மேல்கூட அக்காவுக்குப் பொறாமை.

அம்மாவிடம் யாராவது பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால், "சின்னவ பாடறா. பெரியவ அவகூட இருக்கா" என்பாள். கூட இருப்பது ஓர் உத்தியோகம் என்று அம்மா நம்பினாள்.

ஒலிக்கட்டுப்பாட்டில் இருந்தவரை எல்லாரும் சவுண்டு அண்ணன் என்பார்கள். அக்காவைவிடப் பத்து வயது பெரியவர், அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெட்டியில் அவசரத்துக்குப் பேச ஒரு மைக் உண்டு. அது அவர் காதுக்கு மட்டும் கேட்கும். ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் அவர் சொன்னார்:

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? நீங்க திருகிட்டே கூடப் பாடறீங்க. அந்த மைக்ல எனக்கு வந்துடுது."

"சத்தமாவா?"

"லேசாத்தான். ஆனா கச்சிதமா இருக்குக்கா. ஜனங்க மேடமக் கேக்குது. நான் உங்களக் கேக்கறேன்."

மறுநாளிலிருந்து அந்த மைக்கின் மேல் துண்டை மடித்துப் போட்டாள். அவள் அப்படித்தான். யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தால் கதவைச் சாத்துகிற ரகம்.

முதன்முதலில் சாத்தியது ஒரு ஜன்னலை. அவர்கள் வளர்ந்த வீடு மூன்றாம் மாடியில் இரண்டே அறை. பெண்கள் இருவருக்குமான அறையில் ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு ஜன்னல். திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டு. சாயங்காலம் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடுவாள். தங்கை கட்டிலில் கண்ணை மூடிப் படுத்து, பிஸ்கட் தூளைப் போர்வையெல்லாம் உதிர்த்தபடி கேட்பாள். வேலை விட்டு வருகிறவர்கள் பையும் கையுமாகப் படிக்கட்டில் நின்று கேட்டார்கள். அறைக்குள் விளக்குப் போடாததால் முகம் தெரியாது, குரல் மட்டும். அவர்கள் தன் பாட்டுக்காகத்தான் நிற்கிறார்கள் என்பது தெரியாததால்தான் பிழை வந்தாலும் அக்கா நிறுத்தாமல் பாடினாள். பதினாறாம் வயதில் ஒருநாள், "நேத்து பாடினத இன்னொரு தடவ பாடும்மா" என்று ஒரு தையல்காரர் படியிலிருந்து கேட்டார். அன்றே ஜன்னலைச் சாத்தினாள். பிறகு திறக்கவில்லை.

லல்லா புகழ் பெற்றதும் அதே தையல்காரர் டிவியில் வந்தார். "அந்த ஜன்னல்லதான் லல்லாம்மா பாடுவாங்க. அப்பவே எனக்குத் தெரியும்." லல்லாவைக் குறை சொல்ல முடியாது. முதல் பேட்டியில் "ஐயோ, அது எங்கக்கா" என்றுதான் சொன்னாள். நிகழ்ச்சிக்காரர்கள் அதை வெட்டிவிட்டார்கள். இரண்டாம் பேட்டியில் சும்மா சிரித்தாள். ஐந்தாம் பேட்டியில் ஜன்னல் கம்பி எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவளே வர்ணித்தாள்.

அக்கா அந்தப் பேட்டிகளையெல்லாம் கடைசிவரை பார்த்தாள். பாட்டு போனது, பெயர் போனது, அந்த ஜன்னல் மட்டுமாவது தன்னுடையது என்று ஒருவர் ஒருநாள் சொல்லட்டும். அவள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

இருபதாம் ஆண்டுக் கச்சேரியைப் படமாக எடுப்பதாக ஏற்பாடு. அதற்காக லல்லாவே, அக்காவுக்குச் சொல்வதுபோல், ஒரு புதுப் பாட்டு எழுதினாள். பிராம்ப்டரில் ஏற்றுவதற்காக வரிகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்காவின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"நான் பாடினேன் ஜன்னல் ஓரம், நீ கேட்டாய் கண்ணை மூடி."

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒப்பனை அறைக்குப் போனாள். லல்லா கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இத யாருடி எழுதினது?"

"நான்தான். நல்லாருக்கா?"

"ஜன்னல்ல யாரு பாடினா?"

லல்லா கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "பாட்டுக்கா அது. பாட்டுல 'நான்'னு வந்தாத்தான் ஜனங்களுக்குப் புடிக்கும்."

"நான் பாட்டப் பத்திக் கேக்கல."

"அந்த ரூம்ல ரெண்டு பேருந்தானே இருந்தோம். விடேன்."

அக்கா விட்டாள். பெட்டிக்குப் போய் அந்த வரியைத் திருத்தினாள். "நீ பாடினாய் ஜன்னல் ஓரம், நான் கேட்டேன் கண்ணை மூடி." மெட்டில் ஓர் அசை கூடவில்லை, குறையவில்லை. பொறாமையிலும் அவளுக்குத் தாளம் தப்பாது.

திரையில் எது வந்தாலும் தங்கை பாடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை "இங்கே தண்ணீர் குடிக்கவும்" என்று போட்ட குறிப்பை லல்லா மெட்டோடு பாடிவிட்டாள். அடுத்த மூன்று ஊர்களில் ரசிகர்கள் அந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆனால் இந்த வரி அப்படிப் போகாது என்று அக்கா கணித்தாள். பாடுவாள், பாடியது என்ன என்று உறைக்கும், தடுமாறுவாள். இருபதாயிரம் பேர், எட்டு கேமரா. யார் பாடியது என்று அப்போது உலகம் கேட்டே ஆக வேண்டும்.

அந்த இடம் வந்தது. அக்கா திருகைத் திருப்பினாள். அரை மூச்சு முன்னால்தான் வரி ஏறியது. பழிவாங்கும்போதும் அவள் நேரம் தவறவில்லை.

லல்லா பாடினாள். தடுமாறவில்லை. பலகை இடுக்கில் செருப்பு மட்டும் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அதே வரியைத் தானாக மறுபடி பாடினாள். இருபதாயிரம் பேரும் எழுந்து நின்ற சத்தத்தில் பெட்டியின் பிளைவுட் அதிர்ந்தது.

ஒரு வாரத்தில் அது லல்லாவின் மிகப் பெரிய பாட்டு ஆகிவிட்டது. புகழின் உச்சியில் நின்று அக்காவுக்கு வணக்கம் சொன்ன அந்த அடக்கத்தைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக மெச்சின. ஒரு பேட்டியில் கேட்டார்கள்: "அந்த வரி எப்படி வந்துச்சு?"

"தெரியல. மேடையில நிக்கறப்ப தானா வந்துச்சு" என்றாள் லல்லா. அதில் பொய் இல்லை. தானாகத்தான் வந்தது, கறுப்புத் திரையில், வெள்ளை எழுத்தில்.

வீட்டில் அம்மா டிவி முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாரு, என்ன பெரிய மனசு! தான் பாடினதக்கூட அக்கா பாடினதாச் சொல்றா."

"அம்மா, நான்தாம்மா பாடினேன்."

"சரி சரி" என்றாள் அம்மா, காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுகிற குரலில். "உனக்கும் நல்ல குரல்தான்."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். உண்மை வெளியே வந்தே விட்டது. தங்கையின் பெருந்தன்மையாக வந்தது. அக்கா இனி ஊர் ஊராகப் போய்ச் சத்தியம் செய்தாலும் அடக்கமான தங்கைக்குப் பேராசை பிடித்த அக்கா என்றுதான் சொல்வார்கள். இருந்த ஒரு ஜன்னலையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாயிற்று.

அடுத்த கச்சேரி பதினைந்தாம் நாள். அன்று மத்தியானம் அக்கா அந்த வரியைத் திரையிலிருந்து அழித்தாள். பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அந்த இடத்தில் வெறும் கறுப்பு. தானாக வருகிற வரி தானாகவே வரட்டும், வராவிட்டால் லல்லா லல்லா என்று பாடட்டும். தன் பாட்டின் உயிர்வரியே தெரியாதவள் என்று ஒருமுறையாவது ஜனங்கள் பார்க்கட்டும்.

மாலையில் பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. அக்கா திருகினாள். திரை கறுத்தது. மேலே செருப்பு ஓரடி முன்னால் வந்து நின்றது. பலகை இடுக்கு வழியே தங்கையின் முகம் தெரிந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. கீழே, பெட்டியைப் பார்த்தாள்.

"நீ பாடினாய் ஜன்னல் ஓரம்," என்று பாடினாள், "நான் கேட்டேன் கண்ணை மூடி."

இருபது வருஷத்தில் லல்லா மனப்பாடமாகப் பாடிய முதல் வரி அது. அக்காவின் கை திருகிலேயே இருந்தது. அடுத்த வரி வர வேண்டிய நேரத்தில் வந்தது.

கச்சேரி முடிந்து லல்லா பெட்டிக்குள் குனிந்து நுழைந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்ததில்லை. உட்கார இன்னொரு நாற்காலி இல்லாததால் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"ஃபேன்கூட இல்லையாக்கா இங்க?"

"பத்தொன்பது வருஷமா இல்ல."

"ஒரு வரி வரலியே."

"வரல."

"மெஷின் கோளாறா?"

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல."

லல்லா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அந்த வரிய இனிமே போட வேணாம்க்கா. அது எனக்குத் தெரியும்."

அக்கா திரையின் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "'ஓரம்'ல சுருதி இறங்கிடுச்சு."

"தெரியும். நீ பாடறப்ப இறங்காது."

அதை அவள் ஒரு மைக்கின் முன் சொல்லியிருக்கலாம். அந்தப் பெட்டியில் இருந்த ஒரே மைக்கின் மேல் துண்டு கிடந்தது.

வண்டியில் லல்லா வழக்கம்போல் ஐந்தாவது நிமிடம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு வரியை மனப்பாடம் செய்தவள், அது என் வரியாகப் பார்த்தா செய்ய வேண்டும் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. தங்கையின் தலை தோளில் சரிந்தபோது தள்ளிவிடவில்லை. தள்ளினால் எழுந்து பாடத் தொடங்கிவிடுவாளோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

மலரின் அடுத்த பதிப்பிலும் நாற்பத்து மூன்றாம் பக்கம் மாறவில்லை. பத்தொன்பது வருஷம், அறுநூற்றுச் சொச்சம் மேடைகளில், அக்கா தன் தங்கைக்கு அரை மூச்சு முன்னால் வரிகளை ஏற்றினாள். ஒரு வரியை மாற்றினாள். பிறகு அந்த வரியை அவள் ஏற்றவே இல்லை.