அப்பா பர்மனென்ட்

இன்று என்னை பர்மனென்ட் ஆக்கிய ஆர்டர் காகிதத்தில் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது. பஸ்ஸில் கண்ணை மூடினேன். ஓசூரில் எங்கள் ஒற்றை அறையும் ஆணியில் தொங்கும் அப்பாவின் சட்டையும் கண்முன் வந்தன. அந்தச் சட்டைக்கும் இதே வாசனை.

அப்பா கேஷுவல் தொழிலாளி. காலையில் கம்பெனி கேட்டில் நின்று, பெயரைக் கூப்பிட்டால்தான் வேலை. பர்மனென்ட் ஆவதுதான் எங்கள் தெருவுக்கே கனவு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போன நான், ஆறாம் வகுப்பில் அந்தச் சொல்லை வைத்து ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதினேன்: ‘என் அப்பா பர்மனென்ட்.’

“பொய்யி எழுதிட்டு வந்திருக்கா பாருங்க” என்றாள், நான் படித்துச் சொன்னதைக் கேட்ட அம்மா.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சிவப்பு மையை விரலால் தடவினார்.

“வாத்தியாரு ரைட் போட்டுட்டாரா பாப்பா?”

“தப்பே இல்லன்னாருப்பா.”

“அவரு போட்டு என்ன பண்ண? மேனேஜரு போடணுமே!” என்று சிரித்தார்.

வயதாகி வேலையை விடும்வரை அவருக்கு யாரும் போடவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் என் ஆர்டரை நீட்டினேன். அடியிலிருந்த கையெழுத்தை அதே விரலால் மெல்லத் தடவினார்.

“மேனேஜரே ரைட் போட்டுட்டாரா பாப்பா?”