இரண்டு டிரம் பொட்டிகளும் ஒரே ஸ்டூலும்

எலக்ட்ரானிக் டிரம்மில் நாம் குச்சியால் அடிப்பது வெறும் ரப்பர்தான். சத்தமெல்லாம் பக்கத்தில் மாட்டியிருக்கும் சின்னக் கருவிக்குள் இருக்கிறது. கடையில் அதற்கு மாட்யூல் என்று பெயர். எங்கள் கல்யாணக் கச்சேரிக் குழுவில் அது 'பொட்டி'. என் பொட்டிக்கு வயதாகிவிட்டது. சத்தத்தைக் கூட்டும் திருகு எப்போதோ விழுந்துபோக, அந்த இடத்தில் டூத்பேஸ்ட் மூடியை ஒட்டி வைத்திருக்கிறேன். "அண்ணன் பொட்டி பல்லு வெளக்கிட்டுத்தான் பாடும்" என்பார் எங்கள் பாட்டுக்காரம்மா.

போன தை மாதம் குழுவுக்குப் புதிதாக ஒரு தம்பி வந்து சேர்ந்தான். ஃபாக்டரி வேலை போக மிச்ச நேரத்தில் டிரம். பிரான்ஸிலிருக்கும் அவன் அத்தை, வக்கான்ஸ் விடுமுறைக்கு வந்தபோது சூட்கேஸில் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த புத்தம்புதுப் பொட்டி அவனிடம் இருந்தது.

குழுவை நடத்தும் கீபோர்டு மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "மேடையில ஒரு டிரம்முக்குத்தான் எடம். ஞாயித்துக்கெழம நோணாங்குப்பத்துல ரிசப்ஷன். எந்தப் பொட்டி நல்லா கேக்குதோ அந்தப் பொட்டிக்காரரு உக்காருவாரு. இனிமே எல்லாக் கச்சேரிக்கும் அப்படித்தான்."

தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முதல் நான் உட்கார்ந்திருக்கும் ஸ்டூல் அது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் மாஸ்டர் வீட்டு மாடியில் போட்டி நடந்தது. மாஸ்டரும் பாட்டுக்காரம்மாவும் சுவரைப் பார்த்து நாற்காலி போட்டுக்கொண்டார்கள். அடிப்பது யாருடைய பொட்டி என்று தெரியக் கூடாதாம்.

"ஆளுக்கொண்ணு அடிச்சா நாங்க கையக் கேக்கறதா, பொட்டியக் கேக்கறதா? ரெண்டையும் ஒரே ஆளு அடிக்கணும்" என்றார் மாஸ்டர்.

"அண்ணனே அடிக்கட்டும்" என்றான் தம்பி. நல்ல மனசு. பொட்டி இரண்டும் ஒரே கம்பெனி. ஒயர்க் கொத்தை இதில் பிடுங்கி அதில் செருகினால் போதும்.

முதலில் அவன் பொட்டி. அடித்தேன்.

"ஐயோ, மாடிப்படியில அண்டாவ உருட்டி உட்டாமாரி இருக்கு" என்றார் பாட்டுக்காரம்மா, சுவரிடம்.

"காலி சிலிண்டர எறக்குறாங்கம்மா" என்றார் மாஸ்டர்.

அடுத்தது என் பொட்டி.

"இது பரவால்ல. பஸ்ஸு பள்ளத்துல எறங்கும்போது வயித்துல தொம்முனு ஒண்ணு வுழும் பாரு, அப்படிக் கேக்குது" என்றார் பாட்டுக்காரம்மா.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பிதான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது. என்னுதுல நீங்க டிரம் அடிக்கல. மொளகா இடிச்சீங்க."

கோபம் வரவில்லை. ஏனென்றால் உண்மை. என் பொட்டிக்குக் காது மந்தம், மெல்லத் தட்டினால் பதிலே வராது. அதனோடு கத்திக் கத்திப் பேசியே என் கை அப்படியாகிவிட்டது. அவன் பொட்டியோ குச்சி லேசாகப் பட்டாலே பேசுகிறது. நான் இடித்த இடியை ஒன்று விடாமல் அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறது.

இப்போது தம்பி உட்கார்ந்து இரண்டையும் அடித்தான். அவன் பொட்டியைக் கேட்டதும் பாட்டுக்காரம்மா, "யாரோ காதுகிட்ட வந்து ரகசியம் சொல்றாமாரி இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். என் பொட்டியில் அவனுடைய மெல்லிய தட்டல்களில் பாதி காணாமல் போயின.

"இன்னாய்யா இது, பல்லு போனவன் முறுக்கு திங்கறாமாரி!" என்றார் மாஸ்டர்.

ஒரே கை என்றால் நியாயமாக இருக்கும் என்று நினைத்தோம். அந்தக் கை எந்தப் பொட்டியோடு குடித்தனம் நடத்திய கை என்பதை யாரும் யோசிக்கவில்லை. மாஸ்டர் மோவாயைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம நான் வரணுமா, வேணாமா? அதச் சொல்லுங்க மாஸ்டர்."

பாட்டுக்காரம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "மெதுவான பாட்டுக்குத் தம்பி உக்காரட்டும். என் தொண்ட மேல ஏறி ஒக்காராம இருக்கும். கூட்டம் எழுந்து ஆடணும்னா அண்ணன் வந்து இடிக்கட்டும்."

"ஸ்டூலு ஒண்ணுதானம்மா?" என்றார் மாஸ்டர்.

"எழுந்து எழுந்து மாறிக்கட்டும். ரெண்டு பேருக்கும் முட்டி நல்லாத்தான இருக்கு?"

அப்படித்தான் பாதி ஸ்டூல் எனக்கு மிஞ்சியது. முழுசாகப் போகவிருந்ததில் பாதி கிடைத்ததே என்று ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மேடையில் நிற்க இடமில்லை. அதனால் மெதுவான பாட்டு வரும்போதெல்லாம் ஒயரைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, திரைக்குப் பின்னால் பாத்ரூமை ஒட்டிய கை கழுவும் இடத்தில் போய் நின்றேன். குத்துப் பாட்டு என்றால் திரும்ப ஓட்டம். மூன்றாம் முறை நான் அங்கே நின்றபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"சுகரா? நானும் பாத்துட்டேதான் இருக்கேன், உன்னால ஒரு பாட்டு ஒக்கார முடியல. நாவக்கொட்டப் பொடி, வெறும் வயித்துல ஒரு ஸ்பூனு, சரியா?"

விளக்கம் சொல்வதற்குள் மேடையில் பாட்டு முடிந்தது. தம்பி ஸ்டூலை விட்டு எழுந்து கையைக் காட்டினான். "இதோ வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு மேடையைப் பார்த்து ஓடினேன்.

பின்னால் பெரியவர் பதறிப்போய்க் கத்தினார். "யோவ், அங்க எங்க ஓடுற? பாத்ரூம் இந்தப் பக்கம்யா!"