த்ராட்டில் பாடிக்கு நெயில் பாலிஷ்

ஒரகடம் கூட்ரோடு சிக்னலில் எங்கள் கார் மூன்று முறை அணைந்துபோனது. மூன்று முறையும் ஓட்டியது என் மனைவி. மூன்று முறையும் பக்கத்து சீட்டிலிருந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தியது நான்.

"மிதிச்சுகினுதான் இருக்கேன்," என்றாள்.

நான் நம்பவில்லை. பின்னால் கன்டெய்னர் லாரி முதுகெலும்பு வரை ஹாரன் அடித்தது. மூன்றாவது முறை வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கையில் வைத்தாள். "நீங்களே ஓட்டிக்கங்க. எனக்குக் கம்பெனி பஸ்ஸே போதும்."

நாற்பத்து மூன்று வயதில் லைசென்ஸ் எடுத்தவள். கார் தொழிற்சாலையில், லைனில் நின்று, எஞ்சினுக்குக் காற்றுக் குழாய் மாட்டுகிற வேலை. நகர்ந்து வருகிற கார்களையெல்லாம் தொட்டு அனுப்புகிறவளுக்கு, ஒரு காரையாவது தானே ஓட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைய வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையைத்தான் நான் மூன்று வாரமாக விடியற்காலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் தனியாக வாலாஜாபாத் ஓட்டிப்போகும் வழியில், அதே சிக்னல். கிளட்ச் முழுக்க அழுந்தியிருந்தது. பிரேக்கில் கால். எஞ்சின் ஒரு முறை கமறியது, அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், டி.வி. பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு மெக்கானிக்கிடம் மட்டும் போனில் கேட்டேன். "த்ராட்டில் பாடில, அதான் எஞ்சினுக்குக் காத்து போற வாய்ல, கரி அடைச்சிருக்கும் சார். கழட்டித் தொடைங்க. உள்ள இருக்கற தட்ட மட்டும் வெரலால நெட்டாதீங்க, அது கரண்ட்ல ஆடறது."

ஞாயிறு காலை வாசலில் பானட்டைத் திறந்தேன். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினேன். காற்றுக் குழாயின் கிளிப்பும் வயர் சாக்கெட்டும் அதற்கு மேல் என்னை விடவில்லை. தலைக்குக் குளித்த ஈரத்துடன் அவள் வந்து நின்றாள்.

"இன்னா பண்றீங்க?"

"சும்மா, சர்வீஸ்."

"இந்தப் பைப்பத்தான நான் மாட்றேன்."

"அப்ப கழட்டேன்."

"மாட்டத்தான் தெரியும். தப்பா மாட்டுனதக் கழட்றது ரீவொர்க்குக்காரங்க வேல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். காற்றில் ஒரு குழாயைச் செருகினாள், திருப்பினாள், சாக்கெட்டை அழுத்தினாள். பின் அதையே கடைசியிலிருந்து முதலுக்குச் செய்தாள். கண் திறந்து காருக்குள் கை விட்டபோது கட்டைவிரல் நேராகப் பூட்டின்மேல் போய் நின்றது. சாக்கெட் கழன்றது. குழாயும் வந்தது. எத்தனையோ ஆயிரம் முறை போன வழியில் அந்தக் கை முதல் முறையாகத் திரும்பி நடந்தது. நான் ஸ்பானரை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு போல்ட்டையும் எடுத்ததும் கைக்கு வந்தது த்ராட்டில் பாடி என்கிற அந்த அலுமினியத் துண்டு. காபி டம்ளர் வாயளவு ஒரு துளை, அதை மூடித் திறக்க ஒரு தட்டு, விளிம்பெங்கும் மை தீட்டிய இமைபோலக் கரி. பழைய வேட்டித் துணியில் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து, தூங்குகிறவர் கண்ணைத் துடைப்பதுபோலத் துடைத்தேன். துணி கறுத்தது.

"இதனாலயா நின்னுச்சு?"

"இருக்கலாம்," என்றேன். கோழைகளுக்கென்றே உள்ள சொல் அது.

திரும்பப் பொருத்தி, போல்ட்டுகளை இறுக்கி முடித்தேன். அவள் உள்ளே போய்ச் சிவப்பு நெயில் பாலிஷோடு வந்தாள்.

"புள்ளி வைக்கணும். எங்க லைன்ல போல்ட்ட இறுக்குனா மார்க்கர்ல ஒரு புள்ளி. இல்லன்னா வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போவாது."

"வையேன்."

"நானா? இறுக்குனவங்கதான் வைக்கணும். நான்தான் செஞ்சேன், சரியா கீதுன்னு அர்த்தம். ஒருத்தர் செஞ்சதுக்கு இன்னொருத்தர் வெச்சா மெமோதான்."

அந்தச் சிறிய பிரஷ்ஷை வாங்கினேன். ஒரு புள்ளி. இரண்டு. மூன்று. நான்காவதுக்கு முன் கை நின்றுவிட்டது.

"செவ்வாக்கிழம எனக்கும் நின்னுச்சு."

"எங்க?"

"அதே சிக்னல்ல."

"கிளட்ச்ச மிதிச்சீங்களா?"

"மிதிச்சுகினுதான் இருந்தேன்."

ஈரத் தலைமுடியை ஒரு முறை உதறி முடிந்துகொண்டாள்.

"யோவ்." கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் மூன்று நான்கு முறைதான் வந்திருக்கும் அந்தச் சொல். "அன்னிலேர்ந்து வாய்ல இன்னா வெச்சுகினு இருந்த?"

பிரஷ்ஷை மறுபடி பாலிஷில் தோய்த்தேன்.

"நாலாவது புள்ளிய வை."

வைத்தேன். சாவிக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். குழாயை அவளே மாட்டினாள், கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. பேட்டரியை இணைத்ததும் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டு ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் முதலில் உரக்க இரைந்தது. கரியில்லாத வாய்க்குப் பழக அதற்கும் நேரம் வேண்டியிருந்தது. சில நிமிடங்களில் தணிந்து, சீராக முனகியது.

"பின்னாடி ஒக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது."

அந்த சிக்னலுக்கே போனாள். சிவப்பு. எஞ்சின் அசையாமல் ஓடியது. பச்சை விழுந்தது. கிளட்சைப் படக்கென்று விட்டாள். கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரியின் ஹாரன். என் நாக்கு எழுந்து பல்லைத் தொட்டது.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "இது என் கால்தான். வண்டிய ஒண்ணும் சொல்லாதீங்க."

சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினாள். மறு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அந்தப் பெரிய லாரியைக் கொஞ்சம் இருக்கச் சொன்னாள்.